எந்த பீட் மெஷின் வாங்கலாம், டாக்டர்?



போன வாரம் நைட் டூட்டி முடிந்து வந்த காலையில், என் மேசை மேல் இருந்த சின்ன மெஷின் ஒன்றை போட்டோ எடுத்துப் போட்டிருந்தேன். "சுகர், பிரஷர் பத்தி எழுதுவீங்க, இது என்ன சார், கடை கால்குலேட்டரா?" என்று கமெண்டில் கேட்டார்கள். விஷயம் தெரிந்த பிள்ளைகள் இன்பாக்ஸுக்கு வந்து வேறு கேள்வி கேட்டார்கள். "ஹிப்ஹாப் பீட் போட எந்த சாம்ப்ளர் வாங்கலாம் டாக்டர்?"

தனித்தனியாகப் பதில் போடுவதை விட இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கேட்டவர்களில் பலர் இன்னும் சம்பாதிக்கத் தொடங்காத பிள்ளைகள். ஒரு வீட்டில் இந்த மெஷினுக்காக அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போக இருந்தது. அதனால்தான் நீளம்.

நான் மயக்க மருந்து டாக்டர். வேலை செங்கல்பட்டில், வீடு மாமல்லபுரம் பக்கம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது கிலோமீட்டர். சங்கீதம் முறையாகக் கற்றவன் இல்லை. ஆனால் என் தொழிலில் காதுக்கு நிறைய வேலை உண்டு.

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டுவோம். கொரோனா காலத்தில் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும், பல்ஸ் ஆக்ஸிமீட்டர். தியேட்டரில் இருக்கும் மானிட்டர் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு பீப் கொடுக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த பீப்பின் சுருதி இறங்கும். நான் நோயாளியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், கை டியூபைப் பிடித்திருக்கும், ஆனால் காது சொல்லிவிடும், "சுருதி இறங்குது, கவனி" என்று. நிமிர்ந்து ஸ்கிரீனைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மெஷின் வாங்குவதிலும் என் அளவுகோல் இதுதான். காதும் கையும் வேலை செய்ய வேண்டும், கண்ணுக்கு வேலை குறைவாக இருக்க வேண்டும்.

*சாம்ப்ளர் என்ன, டிரம் மெஷின் என்ன?*

தெரியாதவர்களுக்காக எளிமையாகச் சொல்கிறேன்.

டிரம் மெஷினில் தாள ஒலிகள் உள்ளேயே இருக்கும். ஒரு சுற்றை 16 கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த அடி விழவேண்டும் என்று பட்டனை அழுத்தி வைத்தால், அதையே அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும்.

சாம்ப்ளர் என்பது காலி டப்பா. நாம் கொடுக்கும் ஒலியைப் பதிந்துகொள்ளும். பழைய ரெக்கார்ட், பாட்டியின் இருமல், கடல் அலை, எதுவாகவும் இருக்கலாம். அதைத் துண்டு போட்டு ஒவ்வொரு பட்டனில் வைத்துக்கொண்டு, தட்டித் தட்டி வாசிக்கலாம். சுருதியை ஏற்றலாம், இறக்கலாம்.

இன்று வரும் மெஷின்களில் பெரும்பாலானவை இரண்டு வேலையையும் செய்யும். அதனால் "சாம்ப்ளரா, டிரம் மெஷினா" என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் ஒரு அண்ணன் நின்றுகொண்டு எட்டுக் கட்டம் உள்ள தட்டு ஒன்றைக் குச்சியால் அடிப்பார் இல்லையா? தபலா, உருமி, கைத்தட்டல், கண்ணாடி உடைவது எல்லாம் அதிலிருந்தே வரும். ஆக்டாபேட். ரோலண்ட் கம்பெனி 1985ல் கொண்டுவந்த முதல் ஆக்டாபேடில் சொந்த ஒலியே கிடையாது. வேறொரு ஒலிப்பெட்டியோடு இணைத்தால்தான் சத்தம். "தட்டுகிற இடம் ஒன்று, கேட்கிற ஒலி வேறொன்று" என்ற அந்த ஆச்சரியத்தைக் கச்சேரி மேடைக்குக் கீழே மணலில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

*வசதி இல்லாததால் வந்த இசை*

பெரிய மெஷின் இருந்தால்தான் நல்ல பீட் வரும் என்று நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு சின்ன வரலாறு.

1980ல் ரோலண்ட் டிஆர்-808 வந்தது. நிஜ டிரம் மாதிரியே இல்லை என்று அப்போது பலருக்குப் பிடிக்கவில்லை. சுமார் 12,000 மெஷின்களோடு 1983ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்ட் கடைக்கு மலிவாக வந்ததை, காசில்லாத பிள்ளைகள் வாங்கினார்கள். இன்றைக்கு ஆட்டோவில் போனாலும் அடிவயிற்றில் "டூம்ம்ம்" என்று உணர்கிறீர்களே, அந்த ஒலிக்குப் பேரே 808தான். நம் நாட்டிலும் சரண்ஜித் சிங் என்ற மும்பை சினிமா இசைக்கலைஞர் 1982லேயே 808ஐ வைத்து பத்து ராகங்களுக்கு டிஸ்கோ தாளம் போட்டு ஓர் ஆல்பம் பதிவு செய்தார்.

1987ல் ஈ-மியூ கம்பெனியின் எஸ்பி-1200 வந்தது. மொத்தமே 10 நொடி ஒலிதான் அதில் அடங்கும். ஒரு துண்டு இரண்டரை நொடியைத் தாண்டக்கூடாது. நியூயார்க் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 33 வேகத்தில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45ல் ஓடவிட்டு, சீக்கிரமாகப் பதிந்துகொண்டு, மெஷினுக்குள் சுருதியை இறக்கி பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடம் மிச்சம். அப்படி இழுத்ததில் ஒலியில் ஒரு கரகரப்பு வந்தது. அந்தக் கரகரப்புதான் அந்தக் கால ஹிப்ஹாப்பின் முகம். இன்று லட்சம் ரூபாய் மெஷினில் அதைப் போலியாக உண்டாக்கத் தனி பட்டன் வைக்கிறார்கள்.

1988ல் ரோஜர் லின் என்பவரோடு சேர்ந்து அகாய் கம்பெனி எம்பிசி60 கொண்டுவந்தது. நாலுக்கு நாலு, 16 ரப்பர் பேட். இன்றுவரை எல்லோரும் அந்த அமைப்பைத்தான் பின்பற்றுகிறார்கள்.

*இதயமும் ஸ்விங்கும்*

ரோஜர் லின் தன் மெஷின்களில் "ஸ்விங்" என்று ஒன்றை வைத்தார். இதைப் புரிந்துகொண்டால் மெஷின் வாங்குவதில் பாதிக் குழப்பம் தீரும்.

மெஷின் வாசித்தால் எல்லா அடியும் ஸ்கேல் வைத்த மாதிரி சம இடைவெளியில் விழும். அது ஸ்விங் 50. "தகதிமி தகதிமி" என்று நேராகப் போகும் சதுஸ்ரம். 66க்கு ஏற்றினால் இரண்டாவது அடி கொஞ்சம் தாமதித்து விழும். "தகிட"வில் நடு எழுத்தை விழுங்கிவிட்டு "த-ட, த-ட" என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஆட்டம். அதாவது திஸ்ரம். ஹிப்ஹாப்பில் தலை தானாக ஆடுகிறதே, அந்த இடம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில், 54, 57, 60 என்று எங்கோ இருக்கும். நம் தாளக் கணக்கில் பெயர் வைக்காத சந்து அது.

டாக்டராக எனக்கு இது ஆச்சரியமே இல்லை. ஆரோக்கியமான இதயம் கடிகாரம் மாதிரி துடிக்காது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு லேசாக வேகமெடுக்கும், விடும்போது மெதுவாகும். இளம் பிள்ளைகளின் இசிஜியில் இது நன்றாகத் தெரியும். நோயில்லை, ஆரோக்கியம்தான். ஓய்வில் இருக்கும் பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். ஏராளமான ஹிப்ஹாப் பீட்கள் 85, 90, 95 என்று அதற்குள்ளேயே வருகின்றன.

இந்த நேரப் பிசகை ஒரு கலையாகவே ஆக்கியவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா. மெஷின் அடியைத் தானாக நேராக்கும் வசதியை வேண்டிய இடத்தில் அணைத்துவிட்டு, விரலால் தட்டியதை அப்படியே விட்டார். அவருக்கு டிடிபி என்ற அரிய ரத்த நோயும், லூபஸும் இருந்தன. டிடிபியில் உடம்பின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் கட்டிகள் உறைந்து, தட்டணுக்கள் சரிந்துபோகும். கடைசி மாதங்களில் டயாலிசிஸ் வரை போனார். 'டோனட்ஸ்' என்ற ஆல்பம் 2006 பிப்ரவரி 7, அவருடைய 32வது பிறந்தநாளில் வெளியானது. மூன்று நாள் கழித்து இறந்துபோனார். அவருடைய எம்பிசி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, மெஷின் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் ஸ்கிரீன் அளவு, மெமரி அளவு இல்லை. பேட் உங்கள் விரலுக்கு ஒத்துவருகிறதா? மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும் ஓங்கித் தட்டினால் ஓங்கியும் ஒலிக்கிறதா? ஸ்விங்கை ஒரே திருகில் மாற்ற முடிகிறதா? கடையில் இதை மட்டும் பத்து நிமிடம் செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள்.

*நகை அடகு வரை போன கதை*

இப்போது முன்னால் சொன்ன வீட்டுக்கு வருகிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் வேண்டாம் என்றார்கள்.

அப்பா மாமல்லபுரத்தில் கல் சிற்பி. ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்தார். முதல் நாள் மயக்க மருந்துக்கான பரிசோதனைக்குப் போனபோது கூட இருந்த மகன், பத்தொன்பது இருபது வயசு, கட்டில் கம்பியில் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சாதாரணத் தாளம் இல்லை. ஸ்நேர் விழ வேண்டிய இடத்தைத் தள்ளித் தள்ளி அடித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"சார், எம்பிசி வாங்கணும் சார். கடையில எழுபதாயிரத்துக்கு மேல சொல்றாங்க."

அப்பா படுத்திருந்தபடியே சொன்னார். "அவங்க அம்மா நகை இருக்கு சார். புள்ள ஆசப்படுறான். வச்சிட்டு வாங்கித் தந்துடலாம்னு பாக்குறோம். நீங்க என்ன சொல்றீங்க?"

நாளைக்கு ஆபரேஷன் வைத்துக்கொண்டு, என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டேன். உங்களையும் அதையே கேட்கிறேன்.

1. எப்போது, எங்கே உட்கார்ந்து பீட் போடப் போகிறாய்?
ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் வேலை. வீட்டுக்கு வர இரவு பதினொன்று ஆகும். ஒரே ஹால், நாலு பேர் படுத்திருப்பார்கள். அப்படியானால் ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன்தான். மேசை கிடையாது, மடிதான். ப்ளக் பாயின்ட்டைத் தேட முடியாது, பேட்டரிதான்.

2. என்ன ஒலியை உள்ளே போடப் போகிறாய்?
"யூட்யூப்ல சாம்பிள் பேக் நிறைய இருக்கு சார்" என்றார். எல்லோரிடமும் இருப்பது உனக்கு எதற்கு? "உங்க அப்பா பட்டறையில என்ன சத்தம் வரும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

3. இதுவரை எத்தனை பீட் முடித்திருக்கிறாய்?
போனில் ஆரம்பித்தது அறுபதுக்கு மேல் இருக்குமாம். முடித்தது மூன்று.

மூன்றாவது பதில்தான் முக்கியம். எழுபதாயிரம் ரூபாய் மெஷின், ஆரம்பித்து விட்டதை முடித்துத் தராது. என்னிடம் இருந்த சின்ன மெஷினை இரண்டு மாதத்துக்குக் கொடுத்தேன். பிஓ-33. உள்ளங்கை அளவு. மொத்தம் 40 நொடி ஒலிதான் அடங்கும். ஒரே நிபந்தனை. வெளியிலிருந்து ஒரு சாம்பிள் கூடப் போடக்கூடாது. வாரம் ஒரு பீட், நல்லா இருக்கோ இல்லையோ முடித்துக் காட்டணும்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பட்டறைக்குப் போனேன். ஹெர்னியா போட்டவர் கனம் தூக்கக் கூடாது என்பதால் அப்பா ஓரமாக உட்கார்ந்து மேற்பார்வை. புதிதாக வந்த கல்லை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சிற்ப சாஸ்திரத்தில் கல்லின் ஜாதியே ஒலியில்தான் இருக்கிறது. மணி மாதிரி கணீரென்று ஒலித்தால் ஆண் கல். தாளம் மாதிரி ஒலித்தால் பெண் கல். ஒலியே இல்லாமல் மொத்தென்று இருந்தால் சிலைக்கு ஆகாது. உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பற்றி அவரிடம் சொன்னேன். "அதான் சார், கண்ணு ஏமாத்தும்" என்றார்.

தம்பி அந்தப் பட்டறையையே 40 நொடிக்குள் அடக்கியிருந்தார். உளி நுனி கருங்கல்லில் படும் "டிங்" ஹை-ஹாட் ஆகியிருந்தது. கல்லை மணல் மேல் இறக்கும்போது வரும் "தொப்", சுருதியை இறக்கியதும் கிக். தண்ணீரை வாளியோடு கல்லில் ஊற்றும் சத்தம் ஸ்நேர். நான் வாங்கி வைத்து இரண்டு வருஷத்தில் செய்யாததை ஆறு வாரத்தில் செய்திருந்தார்.

அங்கே ஒன்றைச் சொல்லாமல் வர முடியவில்லை, இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கல் அறுக்கும் தூசியில் இருக்கும் சிலிகா நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை. தடுக்கத்தான் முடியும். கிரைண்டர் ஓடும்போது தண்ணீர் விட்டு அறுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது.

இரண்டு மாதம் முடிந்ததும் தம்பி சொன்னார். "சார், எனக்கு எம்பிசி வேணாம். ஸ்கிரீன் பார்த்தா தூக்கம் வந்துடுது." ரிசார்ட் சம்பளத்தில் சேர்த்து, செகண்ட் ஹேண்டில் எஸ்பி-404 எம்கே2 வாங்கினார். நகை பீரோவிலேயே இருக்கிறது.

*சரி, எதை வாங்கலாம்?*

எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு தரவில்லை. டாலரில் போட்டிருப்பது அமெரிக்காவில் வெளியானபோது இருந்த விலை. சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து இங்கே நன்றாகவே ஏறும். வாங்கும் அன்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி, காசே இல்லை என்றால்: போனில் கோலா சாம்ப்ளர் என்ற ஆப். சில நூறு ரூபாய்தான். போன் மைக்கில் பதிந்து உடனே தட்டலாம். ஒரே குறை, அது போன். வாட்ஸப் வரும், ரீல்ஸ் கூப்பிடும். என் விஷயத்தில் தியேட்டரில் இருந்து கால் வரும்.

பிஓ-33 (டீனேஜ் எஞ்சினியரிங், 2018, 89 டாலர்): மைக், ஸ்பீக்கர் உள்ளேயே. இரண்டு சின்ன பேட்டரி. பட்டன்கள் குட்டி குட்டி, ஓங்கித் தட்டும் சுகம் கிடையாது. முடிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

இபி-133 (அதே கம்பெனி, 2023, 299 டாலர்): நீங்கள் போட்டோவில் பார்த்த "கால்குலேட்டர்" இதுதான். 12 பேட், மைக், ஸ்பீக்கர், நாலு பேட்டரி. கடற்கரையில், பஸ்ஸில் என்று போகிற இடத்தில் பதிகிறவர்களுக்கு.

எஸ்பி-404 எம்கே2 (ரோலண்ட், 2021, 499 டாலர்): 16 பேட், ஆறு பேட்டரியிலும் ஓடும். ஒலியைப் பழசாக்க, நடுங்க வைக்க, தண்ணீருக்குள் முக்க ஏகப்பட்ட எஃபெக்ட். பதிவு பட்டனை அழுத்த மறந்துவிட்டாலும், கடைசியாக வாசித்த சில நொடிகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு. மைக் உள்ளே கிடையாது, வெளியே இருந்து செருக வேண்டும்.

எம்பிசி ஒன் (அகாய், 2020, 699 டாலர்): 16 பெரிய பேட், 7 அங்குல டச் ஸ்கிரீன். முழுப் பாட்டையும் இதிலேயே முடிக்கலாம். தனி அறை, நிலையான மேசை, கரண்ட் இருப்பவர்களுக்கு. பேட்டரியில் ஓடாது. பீட்டை விற்று வருமானம் வரத் தொடங்கியவர்கள் யோசிக்கலாம்.

டிஜிடாக்ட் (எலெக்ட்ரான், 2017, இரண்டாவது பதிப்பு 2024): பேட் தட்டுகிற கைக்காரர்களை விட, கட்டம் கட்டமாக யோசித்து அடுக்குகிறவர்களுக்குப் பிடிக்கும். விலை அதிகம்.

எதை வாங்கினாலும் ஆறு மாதத்துக்கு அடுத்த மெஷின் வீடியோவைப் பார்க்காதீர்கள். நோய்க்கு மருந்து இருக்கிறது, இதற்கு இல்லை.

*நம்ம கடற்கரைக்கு மட்டும் ஒரு குறிப்பு*

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரம் இருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று இரும்புக் கிரில்லையே தின்றுவிடும். மெஷினில் திருகும் குமிழ், தள்ளும் ஃபேடர், ஜாக் ஓட்டை எல்லாவற்றிலும் அதே வேலையைக் காட்டும். கடற்கரையில் பதிந்துவிட்டு வந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ஒவ்வொரு குமிழையும் திருகிக் கரகரவென்று சத்தம் வருகிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள்.

பேட்டரியில் ஓடுவதை நான் அடிக்கடி சொல்வதற்கும் காரணம் உண்டு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. கரண்ட் போன அந்த இரவில் ஓட்டில் விழுந்த மழை, ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது, தூரத்துக் கடல் எல்லாம் என் சின்ன மெஷினில் இன்னும் இருக்கிறது.

*கேட்டு எடுங்கள்*

ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்குவோம். அந்தப் பழக்கமோ என்னவோ, இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

மாசி மகத்துக்கு இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மாவை வழிபடுவார்கள். பாட்டு இருக்கும், ஆட்டம் இருக்கும். ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அது அவர்களுடைய வழிபாடு. பேசுங்கள், கேளுங்கள், வேண்டாம் என்றால் மைக்கை அணையுங்கள். பறை வாசிக்கும் அண்ணனைப் பதிந்தால் அன்றைய கூலியைக் கொடுங்கள், பாட்டில் பேர் போடுங்கள்.

சினிமாப் பாட்டுக்கும் இதேதான். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. இசைக்கும் வரிகளுக்கும், படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு. வீட்டில் பழக யாருடைய பாட்டையும் வெட்டிப் பாருங்கள். வெளியிட்டுக் காசு பார்க்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும்.

லண்டனில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்ஐஏ, இந்த இரண்டு வழியையும் காட்டியவர். இசை தெரியாது என்றிருந்தவருக்கு, ஒரு சுற்றுப்பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்சி-505 மெஷினைக் காட்டித் தைரியம் கொடுத்தார். 'கலாங்' பாட்டின் முதல் வடிவம் அந்த ஒற்றைப் பெட்டியில் செய்ததுதான். அதில் சாம்ப்ளிங் வசதியே கிடையாது. அப்பா பெயரில் 'அருளர்' ஆல்பம் 2005ல் வந்தது. அம்மா பெயரில் 2007ல் வந்த 'கலா'வில், 'தளபதி' படத்தின் காட்டுக்குயிலு பாட்டைச் சாம்பிளாக எடுத்தார். அதே ஆல்பத்துக்காகத் தமிழ்நாட்டுக்கே வந்து உருமிக் கலைஞர்களை நேரில் உட்கார வைத்தும் பதிவு செய்தார். உலகம் திரும்பிப் பார்த்தது அந்த உருமியைக் கேட்டுத்தான் என்பது என் எண்ணம்.

*கடைசியாக, காது*

டாக்டர் த்ரெட் என்றால் இது இல்லாமலா?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது: 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 808 கிக்கின் ஆழமான ஒலி குறைந்த சத்தத்தில் சரியாகக் கேட்காது, அதனால் நம்மை அறியாமலே வால்யூமைத் திருகிக்கொண்டே போவோம். காதை மூடிக்கொள்ளும் நல்ல ஹெட்போன் வாங்கினால் வெளிச்சத்தம் குறையும், வால்யூமும் குறையும். மெஷினில் ஐயாயிரம் குறைத்தாவது ஹெட்போனில் போடுங்கள்.

அறுபது சதவீத வால்யூமைத் தாண்டாதீர்கள். முக்கால் மணிக்கு ஒரு முறை கழற்றிவிட்டு எழுந்து நடங்கள். கேட்டு முடித்தபின் காதில் "ங்ங்ங்" என்று இரைச்சல் இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மூடிவையுங்கள். மறுநாளும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உட்செவியில் ஒலியை வாங்கும் மயிர்செல்கள் மனிதர்களுக்கு ஒரு முறை போனால் திரும்ப முளைப்பதில்லை. கிரைண்டர் ஓட்டும் சிற்பிகளுக்கும் இதே எச்சரிக்கை. 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான். இயர் பிளக் சில பத்து ரூபாய்.

அந்தத் தம்பியின் பீட்களைக் கேட்க வேண்டும் என்று நிறைய பேர் கேட்பீர்கள் என்று தெரியும். அவரே வெளியிடட்டும், அப்போது பகிர்கிறேன்.

உங்கள் பட்ஜெட், எந்த நேரம் உட்காருவீர்கள், என்ன ஒலி பதியப் போகிறீர்கள், இந்த மூன்றையும் கமெண்டில் எழுதுங்கள். டூட்டி இல்லாத நேரத்தில் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன். மெஷின் வாங்க நகை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு மட்டும் பதில் இப்போதே: வேண்டாம். கோலாவில் பத்து பீட் முடித்துவிட்டு வாங்க, பேசுவோம்.